சாய்வு நாலரை

போட்ரோப் நகரத்தில் பாவ்லிக் குடும்பத்தின் வீட்டுத் தரையில் ஒரு பட்டாணியை வைத்தால், அது யாரையும் கேட்காமல் தெருப்பக்கம் கிளம்பிவிடும். கட்டிய கொத்தனார் மேல் பழி இல்லை. எண்ணூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரியை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தால் மேலே இருக்கிற தெரு என்ன செய்யும்? இறங்கத்தான் செய்யும். வெட்டுகிறவர்களே அந்தத் தெருவில் குடியிருந்ததால் யாரும் யாரையும் திட்டவும் வழியில்லை. அலமாரியின் முன்கால்களுக்கு அடியில் ஒரு கட்டை, கட்டிலுக்கு ஒரு கட்டை, அடுப்புக்கு இரண்டு கட்டை என்று முட்டுக் கொடுத்து, சாய்ந்த வீட்டுக்குள் நேராக வாழப் பழகிவிட்டார்கள். சூப் குடிக்க உட்கார்ந்தால் முதல் வேலை, ஜன்னல் பக்கத்துத் தட்டு விளிம்புக்கு அடியில் ஒரு ரொட்டித் துண்டைச் செருகுவது. கையைக் கழுவுவது கூட அதற்கு அப்புறம்தான்.

அந்த வீட்டு நிலவறையில்தான் லோதார் டிரம்ஸ் கற்றுக்கொண்டான்.

கற்றுக்கொண்டான் என்று சொல்வதும் அதிகம். அடித்தான். பதினாறு வயதில் ஆரம்பித்து, சுரங்கத்தில் பெல்ட்டுகளுக்கு மசகு போடும் வேலையில் சேர்ந்த பிறகும் ஷிப்ட் முடிந்து வந்து அடித்தான். அதே தெருவைச் சேர்ந்த யோர்க் கிட்டார் வாசித்துப் பாடினான். பாடினான் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். அடுத்த சந்தில் இருந்த டெட்லெஃப் பேஸ் கிட்டார். டெட்லெஃப் அதிகம் பேசமாட்டான், அதிகம் சாப்பிடுவான். மூன்று பேரும் சுரங்கத்து ஆட்கள்தான் என்பதால், பூமிக்கடியில் வாயு தீப்பிடித்து வெடிப்பதற்கு அங்கே என்ன சொல்வார்களோ அதையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள்: ஷ்லாக்வெட்டர். வாசித்தது த்ராஷ் மெட்டல். அதற்கு இலக்கணம் சுலபம். வேகமாக வாசிக்க வேண்டும், பிறகு அதைவிட வேகமாக வாசிக்க வேண்டும்.

இதில் இரண்டாவது பாதி லோதாருக்குச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. எந்தப் பாட்டை எந்த வேகத்தில் ஆரம்பித்தாலும் முடிக்கும்போது அது வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காரணமும் ரகசியமில்லை. ஆம்ப்ளிஃபையர்கள் தாமாகவே சரிவின் கீழ்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதால் டிரம்ஸை மேல்பக்கத்தில் வைத்திருந்தார்கள். லோதார் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காலால் மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் அங்குலம் அங்குலமாக முன்னே நகரும். அவனும் ஸ்டூலோடு அதைத் துரத்துவான். பாட்டு முடியும்போது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பான்.

"ஏண்டா, உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்பான் யோர்க். "எங்களையும் ஏத்திக்கிட்டுப் போடா!"

மேலே சமையலறையில் இருந்து லோதாரின் அம்மா இர்மாவும் தன் கருத்தைச் சொல்வார். வெந்நீர்க் குழாய் ஒன்று சமையலறையில் இருந்து நிலவறைக்கு இறங்கியது. பையன் அவசரப்பட ஆரம்பித்ததும் கரண்டியால் குழாயில் ஒரே ஓர் அடி. டங்! அதற்கு அர்த்தம் 'மெதுவாடா'. ஆறு வருடமாக அடித்தார், ஒரு நாளும் அவன் மெதுவாக்கவில்லை.

ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு லோதாரின் மனதில் முள்ளாகத்தான் இருந்தது. நான் நிஜமாகவே டிரம்மர்தானா, இல்லை சரிவில் உருளுகிற பட்டாணியா? இதை அவன் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் யோர்க் பதில் சொல்லிவிடுவான் என்ற பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து கோடையில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி இவர்களுக்கு ஐந்து நாள் ஸ்டூடியோ கொடுத்தது. வடக்கே மூன்ஸ்டர் பக்கம், வயல்களுக்கு நடுவே, மாட்டுத்தொழுவத்தை மாற்றிக் கட்டிய இடம். அந்தப் பக்கத்தில் சுரங்கம் கிடையாது. நிலம் ஊற்றிவைத்த பால் போலக் கிடக்கும். ஒலிப்பதிவு செய்கிறவர் பெயர் வென்ட். நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, வாயைத் திறந்தால் வரி கட்டவேண்டும் என்பது போன்ற முகம்.

உள்ளே காலை வைத்ததுமே யோர்க் நின்றான். "இந்தத் தரை என்னமோ ஒரு மாதிரியா இருக்கே."

"கோணல்," என்றான் டெட்லெஃப்.

லோதார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. "சார், உங்க தரை பின்பக்கம் சாயுது. பார்த்துக்கங்க, நாளைக்கு சுவரும் விரிசல் விடும்."

வென்ட் போய் ஒரு ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி நடுக்கோட்டில் அடக்கமாக நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரசமட்டம் கெட்டுப்போச்சு," என்றான் லோதார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வென்டுக்கு இந்தப் பழமொழி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வையில் அது முழுதாக எழுதியிருந்தது.

முதல் நாள் ஒரு பாட்டும் தேறவில்லை. வீட்டில் மிதி இருக்கிற இடத்துக்குக் கால் போனால் இங்கே மிதி அங்கே இல்லை. பெரிய டிரம் நகர மறுத்தது. துரத்துவதற்கு எதுவும் இல்லாமல் லோதாரின் கால்கள் ஒன்றோடொன்று தகராறு செய்தன. வேகமான இடம் வந்ததும் சிக்கிக்கொண்டு நின்றான். இரண்டாம் நாள் அதே பாட்டைப் பதினாலு தடவை ஆரம்பித்தார்கள். ஒருமுறை தப்பில்லாமல் முடித்தான். கேட்டுப் பார்த்தால் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற சத்தம்தான் வந்தது.

"ஓஸ்னாப்ரூக்ல ஒரு டிரம்மர் இருக்கார்," என்றார் வென்ட் சாயங்காலம். "நல்ல கை. நாளைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லவா?"

லோதார் யோர்க்கைப் பார்த்தான். பஸ்ஸைப் பற்றி ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்திருந்தால் கூடத் தாங்கியிருப்பான். யோர்க் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தான். டெட்லெஃப் தன் ஷூவைப் பார்த்தான்.

"சொல்லுங்க சார்," என்றான் லோதார், தானே. சொல்லிவிட்டு வெளியே போய் வேலி ஓரம் நின்றான். பசுக்கள் நேரான நிலத்தில் நேராக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. ஆறு வருடம் அடித்ததெல்லாம் வீடு அடித்தது, நான் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அழுகை வந்தது, அழுதான்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஓர் ஓப்பல் கார் வந்து நின்றது. இர்மா இறங்கினார். பின் சீட்டில் ஒரு குழந்தையைப் போலப் பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருந்த பெரிய பானையில் பட்டாணி சூப். தூக்கு வாளியில் உருளைக்கிழங்கு சாலட். வீட்டு நீலப்பூத் தட்டுகளையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்நியத் தட்டில் பிள்ளைகள் சாப்பிடுவதை அவரால் ஒத்துக்கொள்ள முடியாது.

"என்னடா மூஞ்சி இது? சாவு வீடா? உட்காருங்க. சார், நீங்களும் வாங்க. உங்க வீட்டம்மா உங்களுக்குச் சாப்பாடே போடறதில்லையா, இப்படி இருக்கீங்க!"

வென்ட் மறுக்கத் தெரியாமல் வந்து உட்கார்ந்தார். இர்மா நான்கு தட்டுகளிலும் விளிம்பு வரை ஊற்றினார். அந்த வீட்டில் குறைவாக ஊற்றுவது கஞ்சத்தனம். பிறகு சாலட் எடுக்கத் திரும்பினார். அந்த நேரத்தில் மூன்று பையன்களும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு ரொட்டித் துண்டை எடுத்து ஜன்னல் பக்கத்துத் தட்டு விளிம்புக்கு அடியில் செருகினார்கள்.

சூப் எதிர்ப்பக்கமாக வழிந்து மேஜையில் ஓடியது. யோர்க்கின் மடியில் விழுந்தது. அவன் "ஐயோ!" என்று குதித்ததில் பெஞ்சு ஆடி, மிச்சம் இருந்ததும் டெட்லெஃபின் மடியில் போய்ச் சேர்ந்தது.

"துடைக்காதீங்க!" என்று கத்தினார் இர்மா. "யாரும் எதையும் தொடாதீங்க!"

மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். மூன்று தட்டு வழிந்திருந்தது, மூன்றும் ஒரே பக்கம். நாலாவது தட்டு, வென்டுடையது, அசையாமல் நிறைந்திருந்தது.

"சார், நீங்க ரொட்டி வைக்கலையா?"

"எங்க?"

"தட்டுக்கு அடியில."

"தட்டுக்கு அடியில," என்றார் வென்ட், "எதுக்கு ரொட்டி வைக்கணும்?"

இர்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். முந்தானை இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பார். மேல்துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடப் பாவிகளா! முட்டாப் பசங்களா! இங்க தரை நேரா இருக்குடா!"

"அதைத்தான் நானும் ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் வென்ட். அவர் அந்த வாரத்தில் அதுவரை பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

யோர்க் சூப் சொட்டும் கால்சட்டையோடு லோதாரைப் பார்த்தான். லோதார் மூலையில் இருந்த டிரம்ஸைப் பார்த்தான். கூடம் கோணலாக இல்லாததுதான் கோளாறு என்று மூன்று மண்டைகளுக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

"அம்மா," என்றான் லோதார், "ஓஸ்னாப்ரூக்ல இருந்து மூணு மணிக்கு வேற ஆள் வர்றான். எனக்குப் பதிலா."

இர்மா சிரிப்பை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். "கட்டை எங்க இருக்கு?"

தொழுவத்தின் பின்னால் பழைய ஓக் மரக் கதவு ஒன்று சாத்தியிருந்தது. வென்ட் தோளைக் குலுக்கினார், அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு யோர்க் அறுத்துத் தள்ளினான். டிரம்ஸ் இருந்த பலகை மேடையின் பின்பக்கத்தை டெட்லெஃப் தூக்கிப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. எவ்வளவு தூக்குவது என்பதுதான் கேள்வி. சுரங்கத்து சர்வேயர்கள் வீட்டுக்கு வந்து அளந்த கணக்கு எங்கேயோ ஒரு காகிதத்தில் இருந்தது, ஆனால் இர்மாவுக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. நீலப்பூத் தட்டு ஒன்றில் சூப்பை ஊற்றி மேடையின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் தூக்கு. இருபது வருஷமா இந்தத் தட்டைப் பாத்துக்கிட்டிருக்கேன். பள்ளத்துப் பக்கம் பூ முழுசா நனையணும். மேட்டுப் பக்கம் பூ நனையக்கூடாது. இன்னும் கொஞ்சம். ஏண்டா, சாப்பிடற அளவுக்கு வேலை செய்ய மாட்டியா? தூக்கு! ம், நிறுத்து. வை கட்டையை!"

ஆப்பு உள்ளே இறங்கியது. வென்ட் தன் அளவுகோலை எடுத்து வந்து, குனிந்து, அளந்தார். நான்கரை சென்டிமீட்டர். மறுநாள் மறக்காமல் இருக்க, பக்கத்தில் இருந்த டேப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதிவைத்தார்: சாய்வு, நாலரை.

லோதார் உட்கார்ந்தான். முதுகெலும்பு தன் வீட்டுக்கு வந்துவிட்டதை உடனே தெரிந்துகொண்டது. மிதி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. யோர்க் தலையாட்டினான். ஆரம்பித்தார்கள்.

முதல் நிமிடம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நிமிடத்தில் பெரிய டிரம் நகரத் தொடங்கியது. லோதார் துரத்தினான். யோர்க் ஈரக் கால்சட்டையோடு அவன் பின்னால் ஓடினான். டெட்லெஃப் இருவர் பின்னாலும் ஓடினான். பாட்டு மலையில் இருந்து பிரேக் இல்லாமல் இறங்கியது. கதவோரம் நின்றிருந்த இர்மாவின் கையில் சூப் கரண்டி இருந்தது. பக்கத்தில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண். பழக்கம் யாரை விட்டது? டங்!

பாட்டு முடிந்தது. எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். "நான் ஒண்ணும் பண்ணலை," என்றார் இர்மா, கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வென்ட் டேப்பை நிறுத்தினார். பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "ம்." அந்தப் பக்கத்து மனிதர்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். மாலை போட்டு ஊர்வலம் விட்டதற்குச் சமம். "அந்த மணிச் சத்தம் இல்லாம இன்னொரு தடவை வாசிக்கலாமா?" என்று கேட்டார்.

"முடியாது சார்," என்றான் யோர்க். "அது இல்லாம எங்களுக்குப் பாட்டு முடிஞ்ச மாதிரியே இருக்காது."

ஓஸ்னாப்ரூக் டிரம்மர் மூன்று மணிக்கு வந்தார். உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டார், நல்ல மனிதர், மேடையைப் பார்த்து "இதில் எவன் உட்காருவான்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். எட்டுப் பாட்டும் இரண்டரை நாளில் முடிந்தன.

யோர்க் அந்த ஆல்பத்துக்கு 'நரகத்தின் இரும்புக் கதவு' என்று பெயர் யோசித்து வைத்திருந்தான். கம்பெனிக்காரர்கள் டேப் பெட்டியின் மேல் இருந்ததைப் பெயர் என்று நினைத்து அச்சடித்துவிட்டார்கள். கடைக்கு வந்தபோது அட்டையில் மண்டையோட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் 'சாய்வு 4.5' என்று இருந்தது. யோர்க் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பத்திரிகைக்காரர் வந்து அர்த்தம் கேட்டபோது, "சமுதாயம் எந்தப் பக்கம் சரிஞ்சிக்கிட்டிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க," என்றான். அவர் யோசித்து இரண்டு பக்கம் எழுதினார்.

இரண்டாயிரம் பிரதி அடித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை மறுபதிப்பு வந்தது என்று யோர்க்கைக் கேட்டால் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். ஜகார்த்தாவில், சாந்தியாகோவில், இன்னும் பெயர் சொல்லவராத ஊர்களில் எல்லாம் பையன்களும் பெண்களும் அந்த ஆல்பத்தைப் போட்டுக்கொண்டு டிரம்ஸ் பழகினார்கள். ஆரம்பத்தில் ஒரு வேகம், முடிவில் வேறு வேகம், ஆனால் எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதற்கு 'லோதார் ஓட்டம்' என்று பெயரே வந்துவிட்டது. எந்தக் குற்றத்துக்காக அவனைத் தெருவெல்லாம் திட்டியதோ அதையே உலகம் உட்கார்ந்து பயிற்சி செய்தது. கச்சேரிகளுக்கு வருகிறவர்கள் வீட்டில் இருந்து கரண்டி கொண்டுவந்தார்கள். முதல் பாட்டின் அந்த இடம் வந்ததும் மூவாயிரம் பேர் கையில் கிடைத்த இரும்பில் அடித்தார்கள். இர்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்பவாவது மெதுவாக்கினானா?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் லோதாருடைய முள் அப்படியேதான் இருந்தது. கோணல் மேடை இல்லாமல் தன்னால் வாசிக்க முடியாது என்பது வெளி ஆளுக்குத் தெரிந்துவிடக்கூடாது. அந்த ஓக் ஆப்புகளை ஒரு துணிப்பையில் போட்டு டெட்லெஃப் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனான். திரை திறக்கும் முன்பு டெட்லெஃப் தனியாகப் போய் மேடைக்கு அடியில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருவான். லோதார் அந்தப் பக்கமே பார்க்கமாட்டான். தன்னைத் தாங்குகிற ஊன்றுகோலை யார்தான் பார்க்க விரும்புவார்கள்?

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அவ்வளவுதான் பேச்சு. முப்பத்து மூன்று வருடமாக.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் கடைசிச் சுரங்கமும் மூடுகிற நேரத்தில் இர்மாவுக்குச் சுரங்கக் கம்பெனியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. சாய்ந்த வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி நேராக்கித் தருகிறோம், செலவு எங்களுடையது, வீட்டு உரிமையாளர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா இறந்த பிறகு வீடு அம்மா பெயரிலும் மகன் பெயரிலும் இருந்தது. லோதார் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டான். டிரம்ஸ் மட்டும் இன்னும் அம்மாவின் நிலவறையில்தான்.

இர்மாவுக்கு எண்பத்தொரு வயது. கடிதம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதியும் வைத்துவிட்டார். "சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை வட்டமான அப்பம் சுடணும்டா. ஐம்பது வருஷமா என் கல்லுல எல்லாம் ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் தீஞ்சு, பிறை நிலா மாதிரிதான் வருது."

"பாக்கலாம்மா," என்றான் லோதார். அடுத்த வாரம் கண்ணாடியைக் காணவில்லை என்றான். அதற்கடுத்த வாரம் வக்கீலைக் கேட்கவேண்டும் என்றான். மூன்று மாதம் ஓடியது. இர்மா அவனோடு பேசுவதை நிறுத்தினார். பிறகு ஒரு சனிக்கிழமை யோர்க்கையும் டெட்லெஃபையும் சூப்புக்குக் கூப்பிட்டார். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள், நான்கு ரொட்டித் துண்டும் தட்டுக்கு அடியில் போனது. சூப்புக்குப் பக்கத்தில் கடிதத்தையும் பேனாவையும் வைத்தார்.

"உங்க சிநேகிதனைக் கேளுங்க. பெத்தவ ஒரு அப்பம் கேட்டா கசக்குதாம் அவனுக்கு."

லோதார் கரண்டியைக் கீழே வைத்தான். நரைத்த தலையோடு, ஐம்பத்தைந்து வயதில், மார்க் குறைந்த பையனைப் போல உட்கார்ந்திருந்தான். "அம்மா, நிலவறை நேராயிட்டா நான் முடிஞ்சேன். நான் வாசிக்கிறதே இந்தச் சரிவாலதான். அன்னிக்கு ஸ்டூடியோவுல நீ பாத்தியே. இந்த வீடும் அந்தக் கட்டையும் இல்லைன்னா நான் ஒண்ணுமே இல்லை. முப்பத்து மூணு வருஷமா இது எனக்குத் தெரியும்."

யோர்க்குக்கு வழக்கமாக வாயில் இருக்கும் பஸ் கிண்டல் கூட வரவில்லை. டெட்லெஃப் ரொட்டியை மென்று விழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

"கட்டை இல்லை," என்றான்.

"எந்தக் கட்டை?"

"அந்தக் கட்டைங்கதான். தொண்ணூத்தொண்ணுல போலந்துல, கட்டோவிட்ஸ்ல வாசிச்சோமே. நல்ல குளிரு. மண்டபத்துக்காரன் விறகுன்னு நினைச்சு அடுப்புல போட்டுட்டான். நான் பாக்கறதுக்குள்ள எரிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. நீ 'போட்டாச்சா'ன்னு கேட்ட. 'போட்டாச்சு'ன்னேன். நீ போய் வாசிச்ச. நல்லாத்தான் வாசிச்ச."

"அப்புறம்?"

"அப்புறமும் அப்படித்தான்."

லோதார் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "இருபத்தேழு வருஷமா? அந்தப் பை? பையைத் தூக்கிக்கிட்டு வர்றியேடா!"

"அதுல ரெண்டு பீர் பாட்டில் இருக்கும்."

"டோக்கியோ?"

"நேரு."

"சாவோ பாவ்லோ?"

"நேரு."

"ஹாம்பர்க்ல, அந்தப் பெரிய மைதானத்துல?"

டெட்லெஃப் யோசித்தான். "அங்க மேடையே கொஞ்சம் கோணல். ஆனா பின்பக்கமா."

யோர்க் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியதில் தட்டு ஆடி ரொட்டி நழுவி, சூப் மறுபடியும் அவன் மடிக்கே வந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்பு போலவே "ஐயோ!" என்று குதித்தான். லோதார் மட்டும் சிரிக்கவில்லை. டெட்லெஃபை முறைத்தான். கட்டிப்பிடிப்பதா, கரண்டியால் அடிப்பதா என்று தெரியவில்லை. சிநேகிதனைத் தேற்றுவதற்காக இவன் பொய் சொல்கிறானோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. ஒருநாளும் பேசாதவன் திடீரென்று இவ்வளவு பேசினால் யார் நம்புவது?

ஆனால் அம்மா பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போட்டான்.

அக்டோபரில் ஆட்கள் வந்து அடித்தளத்தை அறுத்து, ஜாக்கிகளை வைத்து, வீட்டை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார்கள். இர்மா வெளியே வர மறுத்துவிட்டார். சமையலறை மேஜையில் நீலப்பூத் தட்டு நிறைய சூப்போடு ஐந்து நாளும் உட்கார்ந்திருந்தார். இஞ்சினியர் கருவியை வைத்துப் பார்த்து "முடிந்தது" என்றபோது, "இன்னும் ஒரு மயிரளவு இருக்கு, ஜன்னல் பக்கம் பூ ஈரமா இருக்கு பாருங்க," என்று அவரைத் திருப்பி அனுப்பினார். அவர் மறுபடி அளந்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.

அன்று மாலை அப்பம் சுட்டார். வட்டமாக வந்தது. அதைத் தின்னாமல் தட்டில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

லோதார் நிலவறைக்கு இறங்கினான். ஒரு பட்டாணியைத் தரையில் வைத்தான். அது எங்கேயும் போகவில்லை. ஆம்ப்ளிஃபையர்கள் வெட்கப்பட்டது போல மூலையில் நின்றன. ஸ்டூலில் உட்கார்ந்தான். எண்பத்தைந்தில் சட்டையை இழுத்த அந்தக் கை வருகிறதா என்று காத்திருந்தான். போட்டாச்சா என்று கேட்க ஆளில்லை. போட ஒன்றும் இல்லை.

முதல் பாட்டை ஆரம்பித்தான்.

முதல் நிமிடம் ஒழுங்காகப் போனது. பெரிய டிரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கால்கள் சண்டை போடவில்லை. ஆனால் வேகம்? ஓடுகிறோமா, இல்லை அன்றைக்குப் போலத் தபால் முத்திரை குத்துகிறோமா? உள்ளே இருந்து வாசிக்கிறவனுக்கு அது தெரிவதில்லை. ஒருநாளும் அவனுக்குத் தெரிந்ததில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இங்கே இப்போது மற்றவர்கள் யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் நிமிடத்துக்குள் போனான்.

டங்!

குழாய் முழுக்க அதிர்ந்தது. மேலே இருந்து இர்மாவின் குரல் வந்தது. "மெதுவாடா! வீட்டையே நேராக்கிட்டாங்க, உன்னை எவன் வந்து நேராக்கப் போறானோ!"

லோதாருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. இன்னும் வேகமாக அடித்தான்.